காட்டுயிர் வணிகம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்று வாங்க எண்ணம். "காட்டில் பிடித்ததில்லை, பண்ணையில் பொரித்தது" என்று விற்பவர் ஒரு தாளைக் காட்டுகிறார். எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: தாளைப் பார்ப்பதற்கு முன் பறவையின் காலைப் பாருங்கள். பண்ணையில் பொரித்த குஞ்சுக்கு, கால் சிறுத்திருக்கும்போதே, மூட்டில்லாத முழு வளையம் ஒன்றை விரல்களைச் சேர்த்துப் பிடித்து நுழைத்துவிடுவார்கள். கால் வளர்ந்தபின் அதைக் கழற்றவும் முடியாது, புதிதாக மாட்டவும் முடியாது. வளையத்தில் வெட்டி ஒட்டிய தழும்போ, அரம் போட்ட தடமோ, பாதத்தைத் தாண்டிக் கழன்று வரும் தளர்ச்சியோ இருந்தால் அது வளர்ந்த பறவைக்கு மாட்டிய வளையம் என்றே சந்தேகிக்க வேண்டும். வளையத்தில் உள்ள எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்பது அடுத்த சோதனை.

வெளிநாட்டிலிருந்து வந்த பறவை என்றால் சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) அனுமதிச் சீட்டு இருக்க வேண்டும். அதில் 'மூலம்' என்ற கட்டத்தில் ஓர் எழுத்து இருக்கும். 'டபிள்யூ' என்றால் காட்டில் பிடித்தது. 'எஃப்' என்றால் கூண்டில் பிறந்தது, ஆனால் முழு வளர்ப்பினம் என்ற நிபந்தனைகளுக்கு உட்படாதது. பெற்றோர் காட்டிலிருந்து வந்திருக்கலாம். வளர்ப்பிலேயே தலைமுறை தாண்டிப் பெருகும் கூட்டத்தில் பிறந்ததற்கு 'சி'. முட்டையையோ குஞ்சையோ காட்டிலிருந்து எடுத்து வளர்த்தால் 'ஆர்'. சாம்பல் கிளியை 2016 ஜோகன்னஸ்பர்க் சைட்டீஸ் மாநாட்டில், கட்டுப்பாடு மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு மாற்றிவிட்டார்கள். காட்டுப் பறவையை வணிகத்துக்காக எல்லை தாண்டிக் கொண்டுபோகச் சட்டப்படி வழியில்லை. பண்ணைப் பறவையை ஏற்றுமதி செய்யவும் அந்தப் பண்ணை சைட்டீஸ் செயலகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். நகல் செல்லாது, மூலச்சீட்டைக் கேளுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சாம்பல் கிளி ஓர் ஈட்டுக்கு 3 முதல் 5 முட்டை இடும். எல்லாம் பொரிக்காது, பொரித்ததெல்லாம் பிழைக்காது. பத்து ஜோடி வைத்திருப்பவர் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் குஞ்சு விற்கிறார் என்றால் கணக்கு உதைக்கிறது. பண்ணை என்ற பெயரில் காட்டு உயிரை 'வெளுப்பது' இந்த வணிகத்தின் பழைய வித்தை. இந்தோனேசியாவிலிருந்து 'வளர்ப்பு' என்று ஏற்றுமதியான பச்சை மர மலைப்பாம்புகளில் குறைந்தது 80 சதவீதம் காட்டில் பிடித்தவை என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. காரணம் எளிது: தீனி, இடம், மருத்துவம், வருடக் காத்திருப்பு எல்லாம் பண்ணைக்குச் செலவு, காட்டில் பிடிப்பவருக்குக் கொடுப்பதோ சொற்பம்.

பரிதாபப்பட்டு வாங்குவதும் வாங்குவதுதான். காலியான கூண்டு நிரம்ப நாளாகாது.

கேள்வி: வீட்டில் பழைய செதுக்குச் சிலை ஒன்று இருக்கிறது. தந்தமா, எலும்பா, பிளாஸ்டிக்கா என்று எப்படி அறிவது?

பதில்: பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று போதும். சிலையின் அடிப்பாகம் போன்ற, தந்தத்தைக் குறுக்கே அறுத்த முகத்தைத் தேடுங்கள். அதில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி வலைபோலப் பின்னியிருந்தால் தந்தம். வெளி விளிம்புக்கு அருகில் கோடுகள் வெட்டும் கோணத்தை அளந்தால் 115 பாகைக்கு மேல் என்றால் யானை, 90 பாகைக்குக் கீழ் என்றால் அழிந்துபோன மாமத். இடைப்பட்ட கோணங்களை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. நீளவாக்கில் அறுத்த முகத்தில் இந்த வலை தெரியாது. அங்கே பார்த்துவிட்டுத் தந்தமில்லை என்று பலர் ஏமாறுகிறார்கள். எலும்பில் கருத்த சிறு புள்ளிகளும் கீறல்களும் தெரியும். அவை ரத்தக்குழாய்கள் ஓடிய துளைகள். சூட்டு ஊசியால் குத்திப் பார்க்காதீர்கள்: பொருள் கெடும், விடையும் உறுதியாகக் கிடைக்காது.

மாமத் தந்தம் சைட்டீஸ் பட்டியலில் இல்லை; அதனால்தான் யானைத் தந்தத்தை மாமத் என்று சொல்லி விற்கிறார்கள். புதுத் தந்தத்தைத் தேநீரில் ஊறவைத்து மஞ்சளாக்கிப் 'பழையது' என்பதும் உண்டு. ஆகவே நிறத்தை வைத்து வயது சொல்ல வேண்டாம். பழையது என்பதால் மட்டும் விற்கலாம் என்றாகிவிடாது. வயதுக்கு ஆவணம் வேண்டும்.

கேள்வி: தேவாங்கைக் கூசவைக்கும்போது அது கையைத் தூக்கிக்கொண்டு சுகமாக இருக்கும் வீடியோவைப் பகிரலாமா?

பதில்: வேண்டாம். அது சுகம் இல்லை. ஸ்லோ லோரிஸ் எனும் அந்தத் தேவாங்குக்கு முழங்கைக்கு அருகே ஒரு சுரப்பி உண்டு. அதன் சுரப்பை எச்சிலோடு கலந்து நஞ்சாக்கிக் கடிப்பதற்குத்தான் கையை உயர்த்துகிறது. கடிக்காமலிருக்க, விற்பவர்கள் நகவெட்டியால் அதன் பற்களை நறுக்கிவிடுகிறார்கள். ஈறு சீழ்பிடித்துப் பல சாகின்றன. பிழைத்தவற்றால் மரப்பட்டையைச் சுரண்டிப் பிசின் தின்ன முடியாது. அவற்றைக் காட்டில் விடவும் முடியாது.

கேள்வி: சுற்றுலா போன இடத்தில் சங்கு, கடல்குதிரை எல்லாம் கடைகளில் வெளிப்படையாக விற்கிறார்கள். வாங்கி வரலாமா?

பதில்: அந்தக் கடையில் விற்கலாமா என்பது அந்த நாட்டுச் சட்டம். எல்லையைத் தாண்டும்போது சைட்டீஸும் உங்கள் நாட்டுச் சட்டமும் வந்து நிற்கும். சொந்த உபயோகப் பொருளாகப் பயணி தன்னுடன் எடுத்துவரும் சிலவற்றுக்கு சைட்டீஸ் அனுமதிச் சீட்டுக் கேட்பதில்லை: ஸ்டர்ஜன் மீன்முட்டை 125 கிராம், உலர்ந்த கடல்குதிரை 4, ராணிச் சங்கு 3, 3 கிலோவுக்கு மேற்படாமல் ராட்சதச் சிப்பி ஓடு 3, முதலைத்தோல் பொருள் 4. நாடுகள் இதைவிடக் கடுமையாக இருக்கலாம், பல இருக்கின்றன. இறங்கும் நாட்டின் சுங்க விதியைப் புறப்படும் முன்பே படித்துவிடுங்கள். கல் பவளத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆமையோட்டுச் சீப்பு, தந்த வளையல் பக்கமே போகாதீர்கள். கடைக்காரர் தரும் ரசீது அனுமதிச் சீட்டு ஆகாது.

கேள்வி: என் கிதாரில் ரோஸ்வுட் பலகை இருக்கிறது. இதுவும் கடத்தல் மரம்தானா?

பதில்: கிதாரைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. 'ரோஸ்வுட்' என்பது வணிகப் பெயர். அதன் கீழ் பல இனங்கள் அடங்கும். ரோஸ்வுட் மரங்கள் பல அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2016 மாநாட்டில் சைட்டீஸ் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. முழுதாய்ச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்குத் தந்தார்கள். பிரேசிலிய ரோஸ்வுட்டுக்கு மட்டும் இந்த விலக்கு இல்லை. அது 1992இலிருந்தே சைட்டீஸின் முதல் பட்டியலில் இருக்கிறது. அதனால் தயாரிப்பாளரிடம் மரத்தின் அறிவியல் பெயரையும் வெட்டிய நாட்டையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மரக்கடத்தலில் திருட்டு நடப்பது பெரும்பாலும் தாளில்தான். பெரு நாட்டு மகோகனிக் காடுகளில் ஆய்வாளர்கள் கண்டது இது: அனுமதி கேட்கும்போது இல்லாத மரங்களை இருப்பதாகக் கணக்குக் கொடுப்பார்கள், அந்தப் 'பேய்' மரங்களுக்குக் கிடைத்த அனுமதியின் கீழ், வெட்டக்கூடாத காட்டில் வெட்டியதைக் கொண்டுவருவார்கள். மரமறுக்கும் ஆலையில் இரண்டும் ஒன்றாகக் கலந்தபின் பிரித்தறிய நுண்ணோக்கியோ மரபணுச் சோதனையோ வேண்டும். அதனால் பலகை நிலையில் பிடிப்பதைவிட, அனுமதி தந்த இடத்துக்குப் போய் அடிமரங்களை எண்ணுவதே பயன் தரும்.

கேள்வி: மரங்கள் எல்லாம் அப்படியே நிற்கின்றன, ஆனால் காட்டில் விலங்கே இல்லை என்கிறார்களே, அது எப்படி?

பதில்: கண்ணியால். மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியும் வளைக்கக்கூடிய ஓர் இளம் மரக்கன்றும் போதும். ஒரே ஆள் நூற்றுக்கணக்கில் வைத்துவிட்டுப் போகலாம். துப்பாக்கி ஒரு விலங்கைக் குறிவைக்கும். கண்ணிக்கு மானும் ஒன்று, கரடியும் ஒன்று. வைத்தவர் திரும்பி வராவிட்டாலும் அது பிடித்துக்கொண்டே இருக்கும். அறுத்துக்கொண்டு தப்பியவை கம்பி இறுகிய காலோடு அழுகிச் சாகும். கம்போடியா, லாவோஸ், வியட்நாம் நாடுகளின் காப்புக்காடுகளில் மட்டும் சுமார் 1 கோடியே 23 லட்சம் கண்ணிகள் இருக்கலாம் என்று 2020இல் மதிப்பிட்டார்கள். அறிவியல் உலகம் 1992இல்தான் அறிந்த சாவோலா எனும் காட்டு மாட்டினம் தானியங்கிக் கேமராவில் கடைசியாகப் பதிவானது 2013இல். அதைத் தேடி யாரும் கண்ணி வைக்கவில்லை. பன்றிக்கும் மானுக்கும் வைத்ததில் அதுவும் போயிற்று.

கண்ணிகளைப் பொறுக்கி எடுப்பது தேவைதான், ஆனால் ஒரு நாள் எடுத்ததை மறுநாள் வைத்துவிடுவார்கள். காட்டுக்குள் கம்பிச்சுருளோடு நடப்பதையே குற்றமாக்க வேண்டும்; மரம் வெட்டப் போட்ட சாலைகளை வேலை முடிந்ததும் அடைக்க வேண்டும். வேட்டைக்காரர் உள்ளே போவதும் இறைச்சி சந்தைக்கு வருவதும் அந்தச் சாலை வழியேதான்.

மரம் நிற்பதும் நிரந்தரமில்லை. பெரிய விதை கொண்ட மரங்களின் பழத்தை விழுங்கித் தொலைவில் போடுவது இருவாச்சி, யானை, தபீர் போன்றவை. அவை இல்லாவிட்டால் விதை தாய்மரத்தடியிலேயே விழுந்து வீணாகும்.

கேள்வி: பறிமுதல் செய்த விலங்குகளை உடனே காட்டில் விடாமல் ஏன் கூண்டில் வைக்கிறார்கள்?

பதில்: எந்தக் காட்டில்? பிடிபட்டது விமான நிலையத்தில். பிடித்த இடம் யாருக்கும் தெரியாது. தவறான இடத்தில் விட்டால் உள்ளூர்க் கூட்டத்தோடு மரபுக் கலப்பு ஏற்படும். அதைவிட ஆபத்து நோய். பல இனங்களை ஒரே பெட்டியில் அடைத்து வருவதால் கிருமி கைமாறியிருக்கும். கானாவிலிருந்து அமெரிக்காவுக்கு வளர்ப்புக்காகப் போன பெரிய எலிகள் 2003இல் எம்பாக்ஸ் நோயை அங்கே புல்வெளி நாய்கள் எனும் கொறிவிலங்குகளுக்குத் தொற்றவைத்தன. அவற்றை வாங்கியவர்கள் உட்பட 47 பேருக்கு அது பரவியது. எனவே தனிமைப்படுத்தல், சோதனை, மூலம் அறிதல் எல்லாம் முடிந்த பிறகே விடுவிப்பு.

சிக்கல் எண்ணிக்கையில் வரும். மடகாஸ்கரில் 2018 ஏப்ரலில் ஒரே வீட்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கதிர் ஆமைகள் சிக்கின. அவ்வளவுக்கும் தண்ணீர், கீரை, நிழல், மருத்துவர் ஒரே இரவில் எங்கிருந்து வரும்? எறும்புதின்னி என்றால் இன்னும் கடினம்: எறும்பும் கரையானும் தவிர வேறெதுவும் எளிதில் ஒத்துக்கொள்ளாது, பதற்றத்திலேயே வயிற்றுப்புண் வந்து சாகும். அதற்கு மட்டும், உடல் தேறியிருந்தால், தாமதிக்காமல் ஏற்ற காட்டில் விடுவதே பல நேரங்களில் நல்லது.

கேள்வி: அப்படியானால் காட்டுயிர் வணிகமே கூடாதா?

பதில்: அப்படிச் சொல்லமாட்டோம். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் வாழும், ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த விகுன்யாவை உரோமத்துக்காகச் சுட்டுச்சுட்டு 1960களில் சில ஆயிரமாகக் குறைத்துவிட்டார்கள். பிறகு மலைச் சமூகங்கள் சுற்றிவளைத்துப் பிடித்து, உயிரோடு கத்தரித்து, திரும்ப விட்டுவிடும் முறைக்கு அனுமதி தந்தார்கள். இன்று லட்சக்கணக்கில் திரிகின்றன. விலங்கு சாக வேண்டியதில்லை, வருமானம் காட்டைக் காப்பவருக்கே போகிறது, தலையை எண்ண முடிகிறது: இந்த மூன்றும் இருந்ததால் நடந்தது. எறும்புதின்னிச் செதிலுக்கு இதில் ஒன்றுமே பொருந்தாது. ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரு குட்டி மட்டுமே போடும் விலங்கைக் கொன்றால்தான் செதில் கிடைக்கும். அந்தச் செதிலும் நம் நகத்தில் உள்ள அதே கெரட்டின்தான்.

கேள்வி: சமூக ஊடகத்தில் விற்பனை விளம்பரம் கண்ணில் பட்டால் என்ன செய்வது?

பதில்: கண்டித்துப் பின்னூட்டம் போடாதீர்கள்; விற்பவர் கணக்கை அழித்துவிட்டு வேறு பெயரில் வருவார். கோபத்தில் பகிர்ந்தால் விளம்பரம் இன்னும் நாலு பேரைச் சேரும். விலை பேசிப் பொறிவைப்பதும் உங்கள் வேலை இல்லை. அது வழக்கையே கெடுக்கலாம். முழுத்திரைப் படம் எடுங்கள்: கணக்கின் பெயர், இணைப்பு முகவரி, தேதி, நேரம், விலங்கின் படம், தொடர்பு எண் தெரிய வேண்டும். பெயரை மாற்றினாலும் இணைப்பு முகவரி பல நேரம் மாறாது, அதனால் அதைத் தனியாக எழுதியும் வையுங்கள். முதலில் வனத்துறைக்கோ காவல்துறைக்கோ அனுப்புங்கள், அதன் பிறகே தளத்தில் புகார் செய்யுங்கள். வரிசை மாறினால் தளம் பதிவை நீக்கிவிடும், விசாரிப்பவருக்குத் தடயம் இருக்காது.