பயறு முளையிலிருந்து இன்வர்டேஸைப் பிரித்தெடுக்கும்போது நொதி எங்கே காணாமல் போகிறது?

கேட்டவர் இறுதியாண்டு மாணவர். அரைத்த சாற்றில் அமோகமாக இருந்த செயல்பாடு, டயாலிசிஸ் (சாற்றைச் சவ்வுப் பையில் கட்டி நீரில் ஊறவைத்து உப்பை வெளியேற்றுவது) முடிந்ததும் கால்வாசிகூட இல்லை என்கிறார். அதே பயற்றில் அதே நொதியைத் தேடித் தலையில் கைவைத்து உட்கார்ந்தவன் நான்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் வீடு. அம்மா பாசிப்பயற்றை ஊறவைத்து, ஈரத்துணி போட்டு மூடி, இருட்டில் தவுகே, அதாவது பயறு முளை, வளர்ப்பார். நான்கு நாளில் தண்டு வெளேரென்று நீண்டுவிடும். சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளக்கும் இன்வர்டேஸ் வளரும் தண்டில் தாராளமாக இருக்கும் என்பதால், அந்தத் தவுகேயையே ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன்.

பனிக்கட்டிமேல் வைத்து அரையுங்கள். சாறு பழுப்பேறினால் பீனால்கள் புரதத்தைப் பிடித்துவிட்டன என்று பொருள். கொட்டிவிட்டு மறுபடி அரைப்பது மேல்.

அடுத்தது அமோனியம் சல்பேட். அப்பாவுக்கு அது செம்பனைக்குப் போடும் உரம். "மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் கிடக்கிறதே, இதைக் கரைக்கவா பல்கலைக்கழகம் போனாய்?" என்று சிரித்தார். புரதத்தைச் சுற்றியுள்ள நீரை உப்பு இழுத்துக்கொள்வதால் புரதம் திரண்டு படிகிறது. ரப்பர் பாலில் அமிலம் விட்டு உறையவைப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது பழகிய காட்சி. ஆனால் உறைந்த ரப்பர் மீண்டும் பாலாகாது. இந்த நொதியோ தாங்கல் கரைசலில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) கரைந்து மறுபடி வேலைக்கு வந்துவிடும். உர மூட்டையில் மட்டும் கைவைக்காதீர்கள். அதில் உலோக மாசு இருக்கலாம்; செம்பு, வெள்ளி, பாதரச அயனிகள் இன்வர்டேஸை முடக்கும். தூய உப்பே வேண்டும்.

டயாலிசிஸ் பையைக் கழுத்துவரை நிரப்பிக் கட்டிவிட்டு ஒருநாள் வீட்டுக்குப் போய்விட்டேன். உள்ளே இருந்த உப்பு இரவெல்லாம் நீரை இழுத்ததில் பை உப்பி, காலையில் முடிச்சருகே பிளந்து கிடந்தது. மூன்று நாள் உழைப்பு முகவைத் தண்ணீரோடு போயிற்று. பையில் பாதியிடம் காலியாக விட்டு, காற்றைப் பிழிந்து கட்டுங்கள்.

உங்கள் பை உடையவில்லை என்கிறீர்கள். அப்படியானால் எனக்குச் சந்தேகம் முதல் அளவீட்டின்மேல்தான். செயல்பாட்டை அளக்கச் சேர்க்கும் டைநைட்ரோசாலிசிலிக் அமிலம், குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் போன்ற எந்த ஒடுக்கும் சர்க்கரையைக் கண்டாலும் கொதியில் மஞ்சளிலிருந்து செம்பழுப்பாகும். முளைச் சாற்றில் பயற்றின் சொந்தக் குளுக்கோஸே நிறைய உண்டு. அதையும் நொதியின் கணக்கில் எழுதிவிட்டு, டயாலிசிஸில் அது வெளியேறியதும் நொதி போயிற்று என்று அழுதவன் நான்! சாற்றைக் கொதிக்கவைத்து நொதியைக் கொன்றபின் சுக்ரோஸ் சேர்த்து ஒரு குழாய் வையுங்கள். அதில் ஏறும் நிறத்தைக் கழித்தபின் மிஞ்சுவதே உண்மைக் கணக்கு.

அமில இன்வர்டேஸுக்கு உகந்த பிஎச் 4.5 முதல் 5 வரை. 7இல் அளந்தால் தூங்கும். தூய்மையைப் பார்க்க மொத்தச் செயல்பாடு போதாது, ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். புரதம் பத்தில் ஒரு பங்காகி, செயல்பாடு பாதி நின்றால் தூய்மை 5 மடங்கு; அது நட்டமில்லை. 1913இல் மைக்கேலிசும் மென்டெனும் நொதி வினையின் வேகச் சமன்பாட்டைக் கண்டதும் இன்வர்டேஸை வைத்துத்தான், ஆனால் அந்தச் சமன்பாடெல்லாம் பிறகு. முதலில் அந்தக் கொதிக்கவைத்த குழாயின் எண்ணை இங்கே எழுதுங்கள், பார்க்கலாம்.