வீட்டுக் களிம்பு: ஈரமே முதல் எதிரி

கேள்வி: குப்பைமேனி இலையை அரைத்துத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி, தேன்மெழுகு சேர்த்துக் களிம்பு செய்தேன். இரண்டே வாரத்தில் பூசணம் பிடித்துவிட்டது. எங்கே தவறினேன்? (வாசகி, தென்காசி)

பச்சிலையை அரைத்துச் சேர்த்த இடத்திலேயே தவறு தொடங்கிவிட்டது. இலைச்சாற்றின் நீர் முழுவதும் வற்றுவதற்கு முன்பே எண்ணெயை இறக்கிவிட்டால், மெழுகு இறுகும்போது அந்த நீர் அடியில் சிறைப்படும். சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா கொண்டுவந்த கண்ணாடிக் குப்பியைக் கவிழ்த்துப் பார்த்தபோது, மேலே மஞ்சளாக வழவழவென்றிருந்த களிம்பின் அடியில் மிளகளவு நீர்த்துளி ஒன்றும், அதைச் சுற்றிச் சாம்பல் நிறப் பூசணமும் இருந்தன. அதைப் புண்ணில் தடவியிருந்தால் கிருமியைக் கையாலேயே பூசியதாகியிருக்கும்.

இலையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, விரலால் கசக்கினால் நொறுங்கும் நிலைக்கு வந்த பிறகே பயன்படுத்துங்கள். 100 மி.லி. தேங்காய் எண்ணெய்க்கு ஒரு கைப்பிடி உலர்ந்த இலை போதும். பாத்திரத்தை நேரே அடுப்பில் ஏற்றாமல், கொதிநீர் உள்ள அகலமான பாத்திரத்தினுள் வைத்து, ஆவி உள்ளே இறங்காதபடி பார்த்துக்கொண்டு, ஒரு மணி நேரம் இளஞ்சூட்டில் ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். நம் தைலக்காரர்கள் கையாளும் சோதனை ஒன்று உண்டு: பஞ்சுத்திரியை அந்த எண்ணெயில் நனைத்து, பாத்திரத்தை விட்டுத் தள்ளி வைத்துக் கொளுத்தினால், ஈரம் இருக்கும்வரை படபடவென்று வெடிக்கும், சத்தமின்றி எரிந்தால் நீர் வற்றிவிட்டது என்று பொருள். மஞ்சள் சேர்ப்பதானால் கிழங்கை வாங்கி நீங்களே இடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். நிறத்துக்காக ஈயம் கலந்த சாயத்தைச் சேர்க்கும் கலப்படம் கடைத்தூளில் நடந்திருக்கிறது.

கேள்வி: மெழுகு எவ்வளவு சேர்ப்பது? சித்திரையில் ஓடுகிறது, மார்கழியில் கல்லாகிறது. (வாசகர், வேலூர்)

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். தேன்மெழுகோ 62 பாகைக்கு மேல்தான் உருகும். ஆகவே கோடையில் 100 மி.லி. எண்ணெய்க்கு 25 கிராம், குளிர்காலத்தில் 15 கிராம் என்று மாற்றிக்கொள்ளலாம். குப்பியில் ஊற்றுமுன் ஒரு சொட்டைக் குளிர்ந்த எவர்சில்வர் தட்டில் விட்டு, ஆறியதும் விரலால் தேய்த்துப் பாருங்கள். ஓடினால் மெழுகையும் சுரண்ட வேண்டியிருந்தால் எண்ணெயையும் கூட்டுங்கள்.

கேள்வி: அடுப்பில் சுட்டுக்கொண்டால் இந்தக் களிம்பை உடனே தடவலாமா? (வாசகி, திருச்சி)

கூடாது. எண்ணெயும் மெழுகும் சூட்டைத் தோலுக்குள்ளேயே அடைத்து வைக்கும். வளையல், மோதிரம் ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிட்டு, குழாய்நீரில் முழுதாக 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் கட்டியோ பற்பசையோ பேனா மையோ வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். காயம் உங்கள் உள்ளங்கையைவிடப் பெரிதாகவோ, முகத்திலோ கைகளிலோ மூட்டிலோ இருந்தாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். குங்கிலிய வெண்ணெய் என்ற சித்த மருத்துவக் களிம்பு நல்ல மருந்துதான் என்றாலும், அதை எப்போது இடுவது என்பதைப் புண்ணைப் பார்த்த சித்த மருத்துவர் சொல்லட்டும்.

கேள்வி: மத்தன் தைலத்தை வீட்டிலேயே காய்ச்ச முடியுமா? (வாசகர், நாகர்கோவில்)

வேண்டாம். புண்ணுக்கு இடும் அந்தச் சித்த மருந்தில் சேர்வது ஊமத்தை இலைச்சாறும் துருசும் (மயில்துத்தம்); இரண்டும் நஞ்சு. சமையல் பாத்திரமும் குழந்தைகளும் உள்ள இடத்தில் அந்த வேலைக்கு இடமே இல்லை. அரசு மருத்துவமனைகளின் சித்த மருத்துவப் பிரிவில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: தோட்டத்தில் துருப்பிடித்த ஆணி குத்திவிட்டது. வெட்டுக்காயப் பூண்டுச் சாற்றைப் பிழிந்து, மேலே களிம்பு போட்டால் போதாதா? (வாசகர், தஞ்சாவூர்)

மேலோட்டமான சிராய்ப்புக்கும் ஆழமாக இறங்கிய குத்துக்காயத்துக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே மறக்கக் கூடாது. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் இரணசன்னி (டெட்டனஸ்) கிருமி காற்றுப் புகாத ஆழத்தில்தான் பெருகும் என்பதால், மேலே மெழுகு பூசி மூடுவது அதற்குக் கதவைச் சாத்திக் கொடுப்பது போலாகும். வயலில் பறித்த இலையோடு மண்ணும் சேர்ந்தே வரும். ஓடும் நீரிலும் சோப்பிலும் நன்றாகக் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள். கையால் செய்த களிம்பு, கழுவித் துடைத்து உலர்ந்த சிறு சிராய்ப்புக்கும் குதிகால் வெடிப்புக்கும் மட்டுமே.

கேள்வி: மணத்துக்காகக் கற்பூரம் சேர்க்கிறேன். ஒன்றரை வயதுப் பேரனுக்குப் போடலாமா? (வாசகி, மதுரை)

அவனுக்கென்று கற்பூரம் சேராத சிறு குப்பி ஒன்றைத் தனியே எடுத்து வையுங்கள் அம்மா. கற்பூரம் தோல்வழியாகவும் உடலில் ஏறும். குழந்தை நக்கி விழுங்கினால் வலிப்பே வரலாம். அந்தக் குப்பியிலிருந்தும் முதலில் அவன் முழங்கையின் உட்பக்கத்தில் பயறளவு தடவி, ஒரு நாள் பொறுத்துத் தடிப்பு இல்லையென்று கண்ட பின்பே பயன்படுத்துங்கள். விரலை விட்டு எடுக்காமல் உலர்ந்த கரண்டியால் எடுங்கள். சிக்கு வாடை வந்த அன்றே கொட்டிவிடுங்கள்.