சின்ன விமானத்துக்கு எந்த வழிகாட்டிச் செயலி?

கேள்வி: தனியார் விமானி உரிமம் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. நான்கு இருக்கை, ஒற்றை எஞ்சின் விமானம். பகலில், வெளியே கண்ணால் பார்த்துப் பறக்கும் விஎஃப்ஆர் முறையில் மட்டும் பறக்கிறேன். என்னிடம் வைஃபை மட்டும் உள்ள ஐபேட் ஒன்று இருக்கிறது. கிளப்பில் ஆளுக்கொரு செயலியைச் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்? இருக்கிற ஐபேடே போதுமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: போதாது. வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் சில்லு கிடையாது. சிம் போடும் வசதியுள்ள ஐபேடில்தான் அது இருக்கிறது. இது பலருக்குத் தெரியாமல் போவதற்குக் காரணம் உண்டு. வீட்டில் வைத்துத் திறந்தால் வைஃபை ஐபேடும் நீங்கள் இருக்கும் இடத்தைச் சரியாகவே காட்டும். அக்கம்பக்கத்து வைஃபை சமிக்ஞைகளை வைத்து அது இடத்தைக் கணிக்கிறது. மேலே ஏறி அந்தச் சமிக்ஞைகள் மறைந்ததும் வரைபடத்தில் விமானம் அப்படியே நின்றுவிடும்.

இதற்கு இரண்டு வழிகள். சிம் வசதியுள்ள ஐபேட் வாங்கலாம். சிம் போட வேண்டும் என்றுகூட இல்லை, ஜிபிஎஸ் வேலை செய்யும். அல்லது புளூடூத்தில் இணையும் தனி ஜிபிஎஸ் கருவியை வாங்கலாம். மற்ற விமானங்கள் ஒலிபரப்பும் இருப்பிடத்தைப் பெறும் ஏடிஎஸ்-பி ரிசீவர் வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். பெரும்பாலான ரிசீவர்களில் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்தே வருகிறது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் வைஃபை மாடலிலும் ஜிபிஎஸ் இருப்பதுண்டு, ஆனால் மாடலுக்கு மாடல் மாறும். வாங்குமுன் விவரக்குறிப்பைப் படியுங்கள்.

இனி செயலி. நண்பர்கள் வசதிகளைப் பட்டியல் போட்டு ஒப்பிட்டிருப்பார்கள். நான் தொடங்கும் இடம் வேறு: நீங்கள் பறக்கும் வான்வெளியின் தரவு எந்தச் செயலியில் முழுமையாக வருகிறது? அமெரிக்காவில் ஃபோர்ஃபிளைட் மிகப் பரவலாக இருக்கிறது. ஆனால் டேப்லெட்டைப் பொறுத்தவரை அது ஆப்பிளில் மட்டும்தான் ஓடும். கார்மின் பைலட் ஆப்பிள், ஆண்ட்ராய்டு இரண்டிலும் ஓடும். பிரிட்டனில் பிறந்த ஸ்கைடீமன் ஐரோப்பிய விஎஃப்ஆர் விமானிகளுக்கென்றே வளர்ந்தது. ஆஸ்திரேலியாவில் ஓஸ்ரன்வேஸ், அவ்பிளான் இரண்டையும்தான் அதிகம் பார்க்கலாம். இலவசமான என்ரூட் என்ற செயலி, தன்னார்வலர்கள் தொகுக்கும் ஓப்பன்ஏஐபி தரவை நம்பி இயங்குகிறது. நல்ல முயற்சி, நான் மதிக்கிறேன். ஆனால் சில நாடுகளுக்குத் தரவு செழிப்பாகவும் சில நாடுகளுக்கு மெலிந்தும் இருக்கும்.

சோதிப்பது எளிது. உங்கள் நாட்டு ஏஐபி-யை, அதாவது அதிகாரபூர்வ விமானத் தகவல் தொகுப்பை, எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அடிக்கடி கடக்கும் மூன்று வான்வெளிப் பகுதிகளின் கீழ் எல்லை, மேல் எல்லை, அலைவரிசை ஆகியவற்றைச் செயலி காட்டுவதோடு ஒப்பிடுங்கள். அதில் ஒன்றாவது அண்மையில் மாறிய பகுதியாக இருக்கட்டும். உலகம் முழுக்க விமானத் தகவல்கள் 28 நாளுக்கு ஒருமுறை, ஏராக் சுழற்சி என்ற கணக்கில் புதுப்பிக்கப்படுகின்றன. புதிய சுழற்சி தொடங்கிய அன்றே செயலியிலும் மாற்றம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இதில் தவறும் செயலி மற்றதில் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

தரவுச் சோதனையில் இரண்டு செயலிகள் தேறிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, உங்கள் கைக்கும் கண்ணுக்கும் எது ஒத்துவருகிறது? 120 நாட் வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு 2 கடல் மைல் போகிறீர்கள். அரை நிமிடம் மெனுவுக்குள் தேடினால் ஒரு மைல் தூரம் வெளியே பார்க்காமல் பறந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆகவே கடிகாரம் வைத்துப் பழகிப் பாருங்கள். போகும் இடத்தை மாற்றி பக்கத்து ஓடுதளத்துக்குத் திருப்ப எத்தனை தட்டு? அந்த ஓடுதளத்தின் அலைவரிசையும் ஓடுபாதை நீளமும் ஒரே பார்வையில் தெரிகின்றனவா? விமானம் குலுங்கும்போது விரல் தவறிப் பட்டால் போட்டு வைத்த பாதை கலைந்துவிடுமா? எக்ஸ்-பிளேன் சிமுலேட்டர் இருந்தால் இன்னும் வசதி. அது வைஃபை வழியே தன் இருப்பிடத்தை இந்தச் செயலிகளுக்கு அனுப்பும். வீட்டு மேசையிலேயே முழுப் பயணத்தையும் பறந்து பார்க்கலாம்.

பலர் மயங்குவது முப்பரிமாண நிலக்காட்சியில். பகல் விஎஃப்ஆர் விமானிக்குக் கண்ணாடிக்கு வெளியே இருப்பதே அந்தக் காட்சி. அதற்காக விலை உயர்ந்த சந்தா எடுக்கத் தேவையில்லை. எஞ்சின் நின்றால் எவ்வளவு தூரம் சறுக்கிப் போக முடியும் என்று வளையம் போட்டுக் காட்டும் வசதி அப்படியல்ல, உண்மையிலேயே பயன்படும். ஆனால் விமானத்தின் சறுக்கு விகிதத்தை நீங்கள் சரியாகக் கொடுத்திருக்க வேண்டும். செஸ்னா 172 காற்றில்லாத நிலையில் 1,000 அடிக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கடல் மைல் போகும். உங்கள் விமானத்தின் கையேட்டில் உள்ள எண்ணைப் போட்டு, வளையம் எதிர்க்காற்றைக் கணக்கில் எடுக்கிறதா என்றும் பாருங்கள்.

வான்வெளி எச்சரிக்கை விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தவறிப்போய்க் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் நுழைவதைத் தடுக்க நகரும் வரைபடத்தைப் போல உதவும் கருவி வேறில்லை. ஆனால் செயலி எந்த உயரத்தை வைத்து எச்சரிக்கிறது? பெரும்பாலும் ஜிபிஎஸ் உயரம். வான்வெளி எல்லையோ, காற்றழுத்தத்தை வைத்து உங்கள் ஆல்டிமீட்டர் காட்டும் உயரத்தை ஒட்டியது. அந்த உயரத்துக்கென வகுத்துள்ள நிலையான வெப்பநிலையிலிருந்து ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் விலகலுக்கும் 1,000 அடிக்கு 4 அடி என்ற விகிதத்தில் இரண்டும் பிரியும். கடல் மட்டத்தை ஒட்டிய ஓடுதளத்தின் கியூஎன்ஹெச்சை (கடல் மட்டத்துக்குக் கணக்கிட்ட காற்றழுத்தம்) ஆல்டிமீட்டரில் வைத்து, எல்லை 5,000 அடியில் இருக்க, 4,800 அடியில் ஒழுங்காகப் பறக்கிறீர்கள். காற்று அந்த நிலையான வெப்பநிலையைவிட 20 டிகிரி சூடாக இருந்தால் ஜிபிஎஸ் சுமார் 5,180 அடி என்று சொல்லும், செயலி அலறும். குளிர்நாளில் நடப்பது இதைவிட மோசம். 20 டிகிரி குறைவாக இருந்தால், ஆல்டிமீட்டரில் 5,100 அடி காட்டி எல்லைக்குள் நுழைந்திருப்பீர்கள். ஜிபிஎஸ் உயரம் சுமார் 4,700 அடிதான் என்பதால் செயலி வாய் திறக்காது. எந்த உயரத்தை எடுக்கிறது, கியூஎன்ஹெச் கொடுக்க இடம் இருக்கிறதா என்பதை அமைப்புகளில் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பறக்கும்போது உயரத்துக்கு ஆல்டிமீட்டரை மட்டும் நம்புங்கள்.

வானிலைப் படங்களிலும் இதே கவனம் வேண்டும். அமெரிக்காவில் 978 மெகாஹெர்ட்ஸ் ஏடிஎஸ்-பி வழியாக ரேடார் படம் இலவசமாகக் காக்பிட்டுக்கு வருகிறது. அந்தப் படத்தின் உண்மையான வயது, திரையில் குறிப்பிட்டிருப்பதைவிடச் சில சமயம் 15 முதல் 20 நிமிடம் வரை அதிகமாக இருக்கலாம் என்று அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-ல் எச்சரித்தது. இடிமேகம் அதற்குள் இடம் மாறியிருக்கும். தொலைவில் இருந்தே சுற்றிப் போக அந்தப் படம் உதவும். இரண்டு மேகங்களுக்கு நடுவே வழி தேட அதைப் பயன்படுத்தவே கூடாது.

சூடு பற்றியும் சொல்ல வேண்டும். ஐபேட் இயங்க 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலையே ஆப்பிள் குறிப்பிடுகிறது. வெயிலில் நின்ற காக்பிட் அதைச் சுலபமாகத் தாண்டும். எனக்கே ஒருமுறை, ஓடுதளத்தை நெருங்கும் நேரத்தில், கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த டேப்லெட் சூடேறித் திரையை அணைத்துக்கொண்டது. நல்லவேளையாகத் தெரிந்த ஊர், தெளிவான நாள். அன்றிலிருந்து சிறிய டேப்லெட்டைத் தொடையில் கட்டித்தான் பறக்கிறேன். நேரடி வெயில் அவ்வளவாகப் படாது, விமானத்தைத் திருப்பும் பிடியான யோக்கையும் மறைக்காது. போலரைஸ்டு குளிர்கண்ணாடி போட்டால் சில திரைகள் ஒரு பக்கமாகத் திருப்பும்போது கறுத்துவிடும். அதையும் தரையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பறப்பதற்கு முந்தைய நாள் இயங்குதளத்தைப் புதுப்பிக்காதீர்கள். 2015-ல் வந்த ஐஓஎஸ் 8.3 புதுப்பிப்புக்குப் பிறகு, புளூடூத் ஜிபிஎஸ் கருவிகள் பலவற்றோடு ஐபேட் சரியாகப் பேசாமல் போனது. அடுத்த பதிப்பு வரும்வரை விமானிகள் தவித்தார்கள். அந்த முந்தைய நாளில் செய்ய வேண்டியது வேறு: போகும் வழி முழுவதற்குமான வரைபடங்களை இறக்கிக்கொண்டு, ஏரோபிளேன் மோடில் போட்டு, பாதையைக் கடைசி வரை நகர்த்திப் பாருங்கள். எங்காவது வெற்றுக் கட்டம் தெரிந்தால் அது இறங்கவில்லை.

முடிவெடுக்க அவசரம் வேண்டாம். பெரும்பாலான செயலிகளைப் பணம் கட்டாமல் சில வாரம் ஓட்டிப் பார்க்கலாம். தரவுச் சோதனையில் தேறிய இரண்டையும் போட்டு, அனுபவமுள்ள இன்னொரு விமானியைப் பக்கத்தில் உட்கார வைத்து, தெரிந்த பாதையில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை பறந்து பாருங்கள். தேர்ந்தெடுத்த செயலியை உங்கள் போனிலும் நிறுவி, அதே வரைபடங்களை அதிலும் இறக்கி வையுங்கள். ஜிபிஎஸ் சமிக்ஞையே கெட்டால் இரண்டு கருவிகளும் ஒன்றாகத்தான் போகும். அதனால் திசைகளும் நேரங்களும் எழுதிய தாளும், நடப்புப் பதிப்பு வரைபடமும், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.