விளக்கைக் கடைசியாக வாங்குங்கள்

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர் அம்மன் கோயில் திடலில் 30 அடி அகலத்தில் கலையரங்கம் கட்டியிருக்கிறோம். பழைய ஹாலஜன் பார் லைட் நான்கும், அவற்றின் ஒளியைக் கூட்டிக் குறைக்கிற ஒரு டிம்மர் போர்டும் இருக்கின்றன. இனி எல்இடி வாங்கலாம் என்று கமிட்டியில் முடிவு. வெவ்வேறு கடைகளில் வாங்கினால் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா? பழையதை விற்றுவிடலாமா?

பதில்:

வணக்கம். 18 வருடமாகக் காரைக்குடி, பள்ளத்தூர், புதுவயல், தேவகோட்டை என்று இந்த வட்டாரத்துத் திருவிழா மேடைகளுக்கு லைட் கட்டி வருகிறேன். தலைக்கட்டு வரி பிரித்து, சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் ஊர்க்காரர்களிடமும் கேட்டு வாங்கி, ஊர்ப் பணத்தில் செய்கிற வேலை இது. ஒரு தடவை தப்பாக வாங்கினால் அடுத்த பத்து வருடத்துக்குக் கோயில் அறையில் தூசி பிடித்துக் கிடக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கமிட்டிக்காரர்கள் முதலில் வாங்குவது விளக்கைத்தான். கடையில் ஷார்ப்பி எனப்படும், ஒளியை ஒடுக்கமான கற்றையாக அடிக்கிற விளக்கைப் போட்டு, கூரை வரைக்கும் ஒளி போவதைக் காட்டியதும் மனசு அதிலேயே நின்றுவிடும். நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் கரண்ட், அடுத்து விளக்குகளை இயக்குகிற சிக்னல் போர்டும் வயரும், அப்புறம் மாட்டுகிற பைப், கடைசியில் விளக்கு. "செட் ஆகாத விளக்கு" என்று திருப்பிக் கொடுக்கப்படுகிற பெரும்பாலான விளக்குகளில் கோளாறே இருக்காது. இந்த மூன்றில் ஒன்றோடு அது பொருந்தியிருக்காது, அவ்வளவுதான்.

கரண்டைச் சீக்கிரம் முடித்துவிடலாம். உங்கள் பழைய பார் லைட் (பார் 64 அளவு) ஒவ்வொன்றும் 1000 வாட் என்றால், 230 வோல்ட்டில் நான்கும் சேர்ந்து 17 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 150 வாட் எல்இடி பார் பன்னிரண்டு மாட்டினாலும் மொத்தம் 1800 வாட், ஏறக்குறைய 8 ஆம்பியர்தான். ஆகவே புது விளக்குகளுக்காகப் பெரிய ஜெனரேட்டர் தேவைப்படாது. ஆனால் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, எல்இடி விளக்கை அந்தப் பழைய டிம்மர் போர்டில் செருகவே கூடாது. டிம்மர் கரண்டை அலை அலையாக வெட்டித்தான் ஒளியைக் குறைக்கிறது. ஹாலஜன் இழை அதைத் தாங்கும். எல்இடிக்குள் இருக்கிற பவர் சப்ளைக்கு முழு 230 வோல்ட் வேண்டும். வெட்டிக் கொடுத்தால் சிமிட்டும், சில நாளில் எரிந்தும் போகும். எல்இடிக்கு நேர் லைன் கொடுங்கள், ஒளியைக் கூட்டிக் குறைப்பது சிக்னல் வழியாக நடக்கட்டும். இன்னொன்று, மூன்று ஃபேஸ் ஜெனரேட்டரில் நியூட்ரல் இணைப்பு. அது தளர்ந்துவிட்டால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரைக்கும் ஏறும். ஒரு திருவிழாவில் எட்டு விளக்குகள் ஒரே நேரத்தில் புகைந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நியூட்ரல் முனையைத் தினமும் சாயங்காலம் உங்கள் எலக்ட்ரீஷியன் முறுக்கிப் பார்க்கட்டும்.

இனி சிக்னல். ஒத்துப்போவது, போகாதது எல்லாம் இங்கேதான் முடிவாகிறது.

மேடை விளக்குகள் எல்லாம் பேசுகிற பாஷை டிஎம்எக்ஸ் 512. 1986-ல் அமெரிக்காவில் உருவான பொதுத் தரம் அது. ஒரு வரிசையில் 512 சேனல்கள், அதாவது ஒளி அளவு, சிவப்பு, நீலம் என்று தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற 512 இடங்கள். எந்தக் கம்பெனி போர்டும் எந்தக் கம்பெனி விளக்கையும் இயக்க வேண்டும் என்பதற்காகவே வந்தது. எனவே உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில், ஒத்துப்போகும். ஆனால் வயரிலும் மோடிலும் தடுக்கும்.

வயர் எப்படித் தடுக்கும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு பங்குனி மாதம், பள்ளத்தூரைத் தாண்டி ஒரு ஊரில் வள்ளி திருமண நாடகம். டிஎம்எக்ஸ் கேபிள் பற்றாமல், கையில் இருந்த மைக் கேபிளையே விளக்குகளுக்குக் கோத்துவிட்டேன். இரண்டுக்கும் அதே மூன்று பின் எக்ஸ்எல்ஆர் பிளக்தான், அழகாக உட்காரும். சாயங்காலம் நான்கு விளக்கைப் போட்டுப் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை. இரவு பத்து விளக்கையும் கோத்து, பபூன் மேடைக்கு வந்து முதல் பாட்டை எடுத்த நேரத்தில், கடைசி மூன்று விளக்குகள் சிவப்பு, நீலம், சிவப்பு என்று தாமாகவே துடிக்க ஆரம்பித்தன. ஆர்மோனியக்காரர் வாசிப்பை நிறுத்தாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கை ஓடவில்லை. மைக்செட் அண்ணன்தான் தன் பெட்டியில் துழாவி ஒரு 120 ஓம் ரெசிஸ்டரை எடுத்தார். ஒரு ஆண் பிளக்கைத் திறந்து 2-ஆம் பின்னுக்கும் 3-ஆம் பின்னுக்கும் நடுவே அதைப் பற்றவைத்து, "கடைசி விளக்கோட அவுட்ல இதச் செருகுப்பா" என்றார். செருகினேன். அந்த நொடியே துடிப்பு நின்றது.

வயரின் கடைசி முனைக்குப் போன சிக்னல் அங்கே முடிவு கிடைக்காமல் திரும்பி வந்து, பின்னால் வருகிற சிக்னலோடு மோதுகிறது. டெர்மினேட்டர் எனப்படும் அந்தச் சின்னப் பிளக் அதை அங்கேயே அடக்கிவிடுகிறது. மைக் கேபிளின் மின் தன்மை வேறு என்பதால் இந்தக் கோளாறு அதில் சீக்கிரம் வரும். ஓரிரு ரூபாய் ரெசிஸ்டர் அன்றைக்கு மானத்தைக் காப்பாற்றியது. நீங்கள் 110 அல்லது 120 ஓம் என்று போட்டிருக்கிற டிஎம்எக்ஸ் கேபிளையே வாங்குங்கள், டெர்மினேட்டர் இரண்டு செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விளக்கின் அவுட்டிலிருந்து அடுத்ததன் இன்னுக்கு, சரம் கோப்பது போலத்தான் வயர் போக வேண்டும். ஒய் கேபிள் போட்டு நடுவில் பிரிக்காதீர்கள். பிரித்தே ஆக வேண்டும் என்றால், சிக்னலைப் பிரித்துக் கொடுக்கிற ஸ்ப்ளிட்டர் பெட்டி வாங்குங்கள். ஒரு வரிசையில் 32 விளக்குக்கு மேல் வேண்டாம். விலை கூடிய விளக்குகளில் ஐந்து பின் சாக்கெட் வரும். அதற்கு மூன்று பின்னை ஐந்து பின்னாக மாற்றுகிற பிளக் போதும், பயப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது மோடு, அதாவது ஒரு விளக்கு எத்தனை சேனலை எடுத்துக்கொள்கிறது என்கிற அமைப்பு. நம் பக்கம் அதிகம் புழங்குவது 192 சேனல் போர்டு. அதில் விளக்குகளுக்கு 12 பட்டன், பட்டனுக்கு 16 சேனல். அதனால் முதல் பட்டனில் இருக்கும் விளக்குக்கு அட்ரஸ் (அதன் முதல் சேனல் எண்) 1, அடுத்ததற்கு 17, அதற்கடுத்து 33 என்று வைக்க வேண்டும். தலை திருப்பி ஆடுகிற மூவிங் ஹெட் விளக்குகள் சிலவற்றில் 16 சேனல் மோடும் 20 சேனல் மோடும் இருக்கும். 20-ல் வைத்தால் ஒரு பட்டனுக்குள் அடங்காமல் பக்கத்து விளக்கின் அட்ரஸில் ஏறிவிடும். ஒரு விளக்கைத் திருப்பினால் பக்கத்து விளக்கு ஒளிரும். 16 சேனல் மோடே இல்லாத மூவிங் ஹெட்டை இந்தப் போர்டுக்கு வாங்காதீர்கள்.

பார் லைட்டில் இதைவிட நுணுக்கமான சிக்கல் ஒன்று உண்டு. இடப்பக்கம் மூன்று விளக்கும் ஒன்றாக நிறம் மாற வேண்டும் என்றால் மூன்றுக்கும் ஒரே அட்ரஸ் கொடுப்போம். ஆனால் ஒரு கம்பெனி விளக்கில் முதல் சேனல் ஒளி அளவாக இருக்கும், இன்னொரு கம்பெனியில் அதே முதல் சேனல் சிவப்பாக இருக்கும். நீங்கள் ஒளியைக் கூட்டினால் ஒன்று வெளிச்சமாகும், மற்றது சிவக்கும். எனவே வெவ்வேறு கடையில் வாங்குவது தப்பில்லை, ஒரே குழுவில் வெவ்வேறு மாடலைக் கலப்பதுதான் தப்பு. முன் விளக்கு எட்டு வேண்டுமென்றால் ஒரே மாடலில், ஒரே நேரத்தில், உபரி இரண்டையும் சேர்த்துப் பத்தாக வாங்கிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து அதே பெயரில் வாங்கினாலும் வெள்ளை நிறம் கொஞ்சம் மாறி வரும்.

பைப் விஷயம் சின்னதுதான், ஆனால் வெல்டிங் முடிந்த பிறகு தெரிந்தால் அழுகை வரும். மேடை விளக்கு கிளாம்ப் பெரும்பாலும் 48 முதல் 51 மில்லிமீட்டர் பைப்புக்குச் செய்தது. கடையில் "இரண்டு இஞ்ச் ஜிஐ பைப்" என்று கேட்டால் வெளி விட்டம் 60 மில்லிமீட்டர் வரும், கிளாம்ப் ஏறாது. ஒன்றரை இஞ்ச் பைப்பின் வெளி விட்டம்தான் 48. அதைக் கேளுங்கள். ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக ஒரு சேஃப்டி செயின். கீழே பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

இப்போது விளக்கு. எல்இடியில் "பார் 64" என்றால் வெளிக்கூட்டின் அளவு மட்டும்தான், ஒளியின் அளவு அல்ல. ஒளி எவ்வளவு விரியும் என்று கேளுங்கள். 20 அடி தூரத்திலிருந்து 25 டிகிரி விளக்கு 9 அடி அகலத்தை மூடும், 45 டிகிரி விளக்கு 16 அடிக்கு மேல் மூடும். உங்கள் 30 அடி மேடைக்கு முன்பக்கம் 45 டிகிரிதான் தோது. ஷார்ப்பி இரண்டு மூன்று டிகிரிதான் விரியும், அதில் முகம் தெரியாது. லட்சக்கணக்கில் ஷார்ப்பி வாங்கிவிட்டு, வள்ளியின் முகத்துக்குக் குழல் விளக்கு கட்டிய மேடை எனக்குத் தெரியும்.

முகத்துக்கு அடிக்கிற விளக்கு சிவப்பு, பச்சை, நீலம் கலந்து வெள்ளை தருவதாக இருக்கக் கூடாது. அந்த வெள்ளையில் அரிதாரம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், அரக்குப் பட்டு செத்துப் போகும். முன்பக்கத்துக்கு 3200 கெல்வின் வார்ம் ஒயிட், அதாவது லேசாக மஞ்சள் கலந்த வெள்ளை விளக்கைத் தனியாக வாங்குங்கள். நிறம் மாறுகிற விளக்கு பின்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் போதும். நேரலையில் பார்க்கிற வெளியூர்க்காரர்களுக்கும் முகம் தெரிய வேண்டும். அதனால் வாங்கும் முன் விளக்கைப் பாதி ஒளியில் வைத்து, நேரலை எடுக்கப் போகிற கேமராவிலேயே வீடியோ எடுத்துப் பாருங்கள். படத்தில் கோடு ஓடினால் அந்த மாடல் வேண்டாம்.

மேடைக்குக் கூரை இருந்தாலும் நம் ஊர்ச் செம்மண் தூசியும் சித்திரை மாதத்துக் கோடை மழையும் சும்மா விடாது. முன் பைப் வெளியே நிற்கிறது என்றால் அதற்கு மட்டும் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி 65 விளக்கு. அவற்றின் பிளக்குகள் பெரும்பாலும் திருகு வைத்த வேறு வகை, சாதாரண எக்ஸ்எல்ஆர் அதில் ஏறாது. அதை எக்ஸ்எல்ஆரோடு இணைக்கிற வயரையும் விளக்கோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

பழைய ஹாலஜன் நான்கையும் விற்காதீர்கள். டிம்மர் போர்டோடு தனி லைனில், மைக்செட் இல்லாத ஃபேஸில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் உர்ர் என்று இரையும். அவையும் 3200 கெல்வினை ஒட்டியவைதான், புது வார்ம் ஒயிட்டோடு சேரும். வள்ளி பரண் மேல் நின்று ஆலோலம் பாடுகிறபோது மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, இரண்டு ஹாலஜனை மட்டும் பாதியில் வைத்துப் பாருங்கள். இழை சிவந்து, ஒளி மஞ்சளாக இறங்கும். அந்த மஞ்சள் முகத்தில் விழுகிற அழகை இதுவரை நான் வாங்கிய எந்த எல்இடியும் தந்ததில்லை.