வாசகர் கேள்வி: ஏழு தங்கமும் ஒரு கையெழுத்தும்

கேள்வி: பாரிஸ் ஒலிம்பிக்கின் முடிவில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸின் கணக்கில் ஏழு தங்கம் உட்பட 11 பதக்கங்கள் சேர்ந்தன. செக்கோஸ்லோவாக்கிய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை வேரா சாஸ்லாவ்ஸ்காவிடமும் அதே எண்ணிக்கை இருந்ததாகப் படித்தேன். இருவரும் சமம் என்று கொள்ளலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: எண்ணிக்கையில் சமம்தான். ஆனால் பைல்ஸின் ஏழு தங்கத்தில் இரண்டு அணிக்குக் கிடைத்தவை. சாஸ்லாவ்ஸ்காவின் ஏழும் தனிநபர் பிரிவில் வென்றவை. 1964 டோக்கியோவில், அதற்கு முந்தைய இரண்டு ஒலிம்பிக்கிலும் ஒட்டுமொத்தப் பட்டத்தை (எல்லாக் கருவிகளின் புள்ளிகளையும் கூட்டித் தரப்படுவது) வைத்திருந்த சோவியத் வீராங்கனை லரிசா லத்தினினாவை வீழ்த்தி அவர் அந்தப் பட்டத்தை வென்றார். வால்ட்டிலும் (ஓடிவந்து கருவியின் மேல் கையூன்றித் தாண்டுவது) பேலன்ஸ் பீமிலும் (குறுகலான கட்டையின் மேல் செய்யும் பயிற்சி) தங்கம் பெற்றார். 1968 மெக்சிகோ நகரில் ஒட்டுமொத்தப் பட்டத்தையும் வால்ட் தங்கத்தையும் தக்கவைத்துக்கொண்டு, இரட்டைக் கம்பி, தரைப் பயிற்சி ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டார். அவர் காலத்தில் 10 புள்ளியே உச்சவரம்பு. இன்றைய முறையில் கடினத்தன்மைக்குத் தனிப் புள்ளி உண்டு. ஆகவே இருவரின் பாய்ச்சல்களை ஒப்பிடுவதில் பொருளில்லை.

கேள்வி: மெக்சிகோவில் சோவியத் தேசிய கீதம் ஒலித்தபோது தலையைத் திருப்பிக்கொண்டதுதான் சாஸ்லாவ்ஸ்காவின் விளையாட்டு வாழ்க்கையை 26 வயதில் முடித்துவிட்டதா?
– வாசகர், திருச்சி

பதில்: எல்லோர் நினைவிலும் நிற்பது அந்தக் காட்சிதான். ஆயினும் அவரை அதிகம் வருத்தியது அதற்குச் சில மாதங்களுக்கு முன் அவர் இட்ட கையெழுத்து என்றே எனக்குத் தோன்றுகிறது. 1968 ஜூனில், நாட்டில் தொடங்கியிருந்த சீர்திருத்தங்களை முன்னெடுக்கக் கோரி வெளியான ‘இரண்டாயிரம் சொற்கள்’ என்ற அறிக்கையில் அவரும் கையெழுத்திட்டிருந்தார். ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் நாட்டுக்குள் புகுந்தபோது, கைதாகக்கூடும் என்ற அச்சத்தில் மொராவியாவின் மலைப்பகுதியில் மூன்று வாரம் போல மறைந்திருந்து, மரக்கிளைகளைக் கம்பியாகவும் உருளைக்கிழங்கு மூட்டைகளை எடைக்கல்லாகவும் கொண்டு பயிற்சி செய்தார். ஒலிம்பிக்குக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரம் அது.

மெக்சிகோவில், அந்நாட்டு மக்களுக்கு நன்கு தெரிந்த நாட்டுப்புற நடன இசைக்கு அவர் தரைப் பயிற்சி செய்ததும் அரங்கமே அவர் பக்கம் சாய்ந்தது. ஆனால் பீமில் தங்கம் சோவியத்தின் நடாலியா குச்சின்ஸ்காயாவுக்குப் போனது. தரைப் பயிற்சியிலோ, லரிசா பெத்ரிக்கின் தகுதிச்சுற்றுப் புள்ளி பிறகு உயர்த்தப்பட்டதால் தங்கத்தைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. அந்த இரு மேடைகளிலும் சோவியத் கீதம் ஒலிக்கையில் அவர் வாய் திறக்காமல் தலையைத் தாழ்த்தி ஒருபுறம் திருப்பிக்கொண்டார். அதே நகரில்தான், டோக்கியோ 1,500 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற யோசப் ஓட்லோஷிலை மணந்தார் என்பதும் இங்கே சொல்லத்தக்கது.

மெக்சிகோவுக்குப் பின் அவர் பெரிய போட்டி எதிலும் இறங்கவில்லை. கையெழுத்தைத் திரும்பப் பெறும்படி வற்புறுத்தப்பட்டபோது மறுத்தார். அதன் விலையாக வெளிநாட்டுப் பயணமும் விளையாட்டுத் துறையில் வெளிப்படையான பணியும் ஆண்டுக்கணக்கில் அவருக்கு மறுக்கப்பட்டன. தலையைத் திருப்பியது ஒரு நிமிடச் செயல். மறுப்பையோ ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 1979 வாக்கில்தான், மெக்சிகோ கேட்டுக்கொண்டதன் பேரில், அங்கு சென்று பயிற்சியளிக்க அனுமதி கிடைத்தது.

1989-இல் ஆட்சி மாறியதும் அதிபர் வாட்ஸ்லாவ் ஹாவெலின் ஆலோசகரானார். நாட்டின் ஒலிம்பிக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1995 முதல் 2001 வரை சர்வதேச ஒலிம்பிக் குழுவில் உறுப்பினராக இருந்தார். 2016 ஆகஸ்ட் 30 அன்று, தமது 74-ஆம் வயதில், பிராகில் காலமானார்.