புது பர்ல் கற்ற பிறகு நிட் கண்ணிகள் முறுக்கிக்கொள்கின்றன

ஊசிப் பின்னலின் (நிட்டிங்) இரண்டு அடிப்படைப் பின்னல்கள் நிட், பர்ல். புது விதமாக பர்ல் போடக் கற்றதிலிருந்து உங்கள் நிட் கண்ணிகள், அதாவது ஊசியில் இருக்கும் நூல் வளையங்கள், முறுக்கிக்கொள்வதாகக் கேட்டிருக்கிறீர்கள். நிட் வரிசையில் ஊசியைக் கண்ணியின் முன்காலில் (வளையத்தில் ஊசிக்கு முன்னால் இருக்கும் பக்கம்) விடாமல் பின்காலில் (ஊசிக்குப் பின்னால் இருக்கும் பக்கம்) விட்டுப் பின்னுங்கள், முறுக்கு போய்விடும். போன மாதப் பின்னல் சங்கக் கூட்டத்தில் நீங்கள் கற்ற பர்லைக் கைவிட வேண்டாம்.

அந்த பர்லில் நூல் பெரும்பாலும் ஊசிக்கு அடியில் சுற்றி வந்திருக்கும். வேகமான முறை, கைக்கும் சுகம். ஆனால் கண்ணி ஊசியில் திரும்பி உட்காரும். அதில் பழையபடி முன்காலில் நிட் போட்டால் முறுக்கத்தான் செய்யும்.

சோதிக்க, பர்ல் வரிசை முடிந்ததும் துணியைத் திருப்பி இடக்கை ஊசியைப் பாருங்கள். கண்ணியின் வலது கால் ஊசிக்கு முன்னால் இருந்தால் வழக்கமான நிலை, வேறு காரணம் தேட வேண்டும். இடது கால் முன்னால் இருந்தால் நான் சொன்னதுதான்.

தொப்பி போல வட்டமாக, நிட் மட்டும் போட்டுப் பின்னும்போது இதைச் செய்யாதீர்கள். அங்கே பர்ல் வராததால் கண்ணி திரும்பி உட்காராது, பின்காலில் விட்டால்தான் முறுக்கும். அப்புறம், இரண்டு கண்ணிகளைச் சேர்த்து வலப்பக்கம் சாய்த்துக் குறைக்கும் இடத்தில், முதலில் இரண்டையும் ஊசியில் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரியாகவில்லை என்றால் அடுத்த கூட்டத்துக்கு அந்தத் துண்டை ஊசியோடேயே எடுத்துப் போங்கள். கண்ணி உட்கார்ந்திருக்கும் விதம் ஊசியில் இருக்கும்போதுதான் நன்றாகத் தெரியும்.