பின்னமும் விகிதமும் வரும் வார்த்தைக் கணக்குகளில் எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. வழி உண்டா?

பின்னங்களைக் கூட்டவும் பெருக்கவும் உங்களுக்குத் தெரியும், அதையே வாக்கியமாகக் கொடுத்தால்தான் கை ஓடுவதில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். நான் கணித ஆசிரியன் அல்லன். அக்கா மகளுக்கு மாலை வேளைகளில் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் மட்டுமே எழுதுகிறேன்.

எந்தக் கணக்கைக் கண்டாலும் அவள் முதலில் கேட்பது, "மாமா, இதைக் கூட்டணுமா, பெருக்கணுமா?" என்பதுதான். அதற்கு விடை சொல்லாமல், ஒவ்வொரு பின்னத்தின் அடியிலும் அது எதனுடைய பங்கு என்று பென்சிலால் எழுதச் சொன்னேன். ஒருவர் ஒரு நூலில் மூன்றில் ஒரு பங்கை முதல் நாளும், மீதியில் ஐந்தில் இரண்டு பங்கை மறுநாளும் படித்த பின் 72 பக்கங்கள் எஞ்சின என்றால், நூலுக்கு மொத்தம் எத்தனை பக்கங்கள்? அவள் இரு பின்னங்களையும் கூட்டிப் பதினைந்தில் பதினொன்று என்றும், எஞ்சிய பதினைந்தில் நான்குதான் 72 என்றும் கொண்டு, 270 என்று விடை எழுதியிருந்தாள். அந்த விடையைக் கணக்குக்குள் போட்டுப் பார்க்கச் சொன்னேன்: 270இல் 90 போக 180, அதில் ஐந்தில் இரண்டான 72 போக, எஞ்சுவது 108. இரண்டாவது பின்னத்தின் அடியில் 'நூல்' என்று எழுதியிருந்ததை அவளே அழித்து, 'மீதி' என்று மாற்றினாள்.

பிறகு ஒரு நீளமான கட்டம் வரைந்தோம். அதை மூன்றாகப் பிரித்து ஒன்றை அடித்துவிட்டு, எஞ்சிய இரண்டையும் சேர்த்து ஐந்து சம பகுதிகளாக்கினோம். அவற்றுள் படிக்காத மூன்று பகுதிகள் 72 பக்கங்கள். ஆகவே ஒரு பகுதி 24, ஐந்தும் சேர்ந்து 120. அந்த 120 நூலின் மூன்றில் இரண்டு பங்கு என்பதால், மொத்தம் 180.

இதே முறையில் அவள் தேர்வில் எழுதிய சரியான விடைக்குப் பாதி மதிப்பெண்தான் கிடைத்தது, 'எக்ஸ் எங்கே?' என்று சிவப்பு மையில் ஒரு குறிப்பு வேறு. சமன்பாட்டை நான் குறைத்து மதிப்பிடுவதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால், ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் ஆமோஸ் என்ற எழுத்தர் படியெடுத்த பாப்பிரஸ் சுவடியில், ஓர் எண்ணும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19 என்றொரு கணக்கு இருக்கிறது. அதில் விடையை 7 என்று வைத்துப் பார்த்து, கூட்டினால் 8 வருவதைக் கண்டு, 8ஐ 19 ஆக்க எத்தனை மடங்கு வேண்டுமோ அத்தனை மடங்கு 7ஐப் பெருக்கியிருக்கிறார்கள். அந்தத் திருத்துநரிடம் போனால் ஆமோஸுக்கும் பாதிதான்.

விகிதக் கணக்கில் எது மாறவில்லை என்று தேடுங்கள். இருவரிடம் உள்ள அஞ்சல்தலைகள் 5:3 என்ற விகிதத்தில் உள்ளன. முதலாமவர் 4ஐ மற்றவருக்குக் கொடுத்ததும் 7:5 ஆகிறது என்று வையுங்கள். கை மாறினாலும் மொத்தம் மாறாது. முன்பு 8 பங்கு, பின்பு 12 பங்கு. இரண்டையும் 24 பங்காக்கினால் 15:9 என்பது 14:10 ஆகிறது. நகர்ந்த ஒரு பங்குதான் 4. ஆகவே தொடக்கத்தில் 60, 36. வயதுக் கணக்கில் மொத்தம் மாறும், வித்தியாசம் மாறாது. அதில் முன்பும் பின்பும் உள்ள விகிதங்களில் வித்தியாசத்தின் பங்குகளைச் சமப்படுத்த வேண்டும். ஒருவருடையது மட்டும் கூடியோ குறைந்தோ இருந்தால் மற்றவருடையது அப்படியே இருக்கும். இருவருடையதும் வெவ்வேறு அளவில் மாறி, பிடித்துக்கொள்ள எதுவுமே நிலையாக இல்லையென்றால், 5எக்ஸ், 3எக்ஸ் என்று வைத்துச் சமன்பாடு எழுதிவிடுங்கள். அங்கே கட்டம் வரைவது நேரத்தைத்தான் தின்னும்.